வீஞு வேர்த்: போர்ச்சுகலின் வெள்ளை ஒயின் கலவையும் அதற்கேற்ற சாப்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட்டோவுக்கு வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் இரவே மத்துசீஞுஷ் துறைமுகத்து மீன் கடைத் தெருவுக்கு அழைத்துப் போவது என் வழக்கம். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் வியர்த்தபடி ஒரு வெள்ளை ஒயின் பாட்டில் மேசைக்கு வரும். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். யார் வந்தாலும் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். ஒயின் தொடாதவர்கள் மீன் சங்கதியை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

“பச்சை ஒயின்” என்கிறார்களே, பச்சையாகவே இல்லையே?

பெயர் வீஞு வேர்த். வீஞு என்றால் ஒயின், வேர்த் என்றால் பச்சை. கிளாஸில் ஊற்றினால் வெளிறிய மஞ்சள்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் இலேசாகப் பச்சை தட்டும், அவ்வளவே. நாம் பச்சைப் பிள்ளை, பச்சை உடம்பு என்று சொல்கிறோமே, அந்தப் பச்சை இது. அறுவடை முடிந்து சில மாதங்களிலேயே இளசாகக் குடிக்கிற ஒயின் என்பதால் வந்த பெயர் என்பார்கள். வட்டாரமே மழையில் நனைந்து பச்சைப்பசேலென்று கிடப்பதால் வந்தது என்பவர்களும் உண்டு. இரண்டையும் ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை.

இது ஒரு திராட்சை வகையின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வட்டாரத்தின் பெயர். 1908-இல் இதற்கு எல்லை வகுத்தார்கள். 1926-இல் ஏற்பட்ட ஆணையம் ஒன்று போர்ட்டோவில் உட்கார்ந்துகொண்டு இன்றுவரை கண்காணிக்கிறது. அந்த எல்லைக்குள் விதிப்படி செய்தால் வெள்ளை, சிவப்பு, ரோஸ் எல்லாமே வீஞு வேர்த்தான். சிவப்பும் பச்சை ஒயின் என்பதைக் கேட்டு என் மாமா ஐந்து நிமிடம் சிரித்தார். இந்தப் பக்கம் பேசப்போவது வெள்ளைக் கலவையைப் பற்றி.

பெயரை எப்படிச் சொல்வது?

இங்கிலீஷ் வழியாகப் படித்தவர்கள் “வின்ஹோ வெர்டே” என்பார்கள். தமிழர்களுக்கு அந்தச் சிரமமே வேண்டாம். போர்ச்சுகீசியர் என், ஹெச் என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதினால் அது நம்முடைய ஞ. மீஞு ஆறு, அல்வரீஞு திராட்சை எல்லாம் அப்படித்தான். மற்ற நாட்டுக்காரர்கள் நாக்கைச் சுழற்றித் தவிக்கிற இடத்தில் நாம் ‘ஞாயிறு’ என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒரு திராட்சையில் மட்டும் சிக்கல் இருக்கிறது. அதன் பெயரை இங்கே ‘அரிந்து’ என்றே உச்சரிக்கிறார்கள். வெங்காயம் அரிந்து வைப்பதோடு குழம்பிவிடும் என்பதால் நான் ‘அரிந்தோ’ என்று எழுதுகிறேன்.

மொழியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று: நாம் பாட்டிலை வைக்கிற மேசை, ஊற்றுகிற கோப்பை, ஒயின் கிடந்த பீப்பாய், பாட்டிலைப் பூட்டி வைக்கிற அலமாரி, அதன் சாவி எல்லாமே 16-ம் நூற்றாண்டு தொடங்கி நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள்தான்.

எங்கே விளைகிறது?

போர்ச்சுகலின் வடமேற்கு மூலையில். வடக்கே மீஞு ஆறு. அக்கரை ஸ்பெயினின் கலீசியா. மேற்கே அட்லாண்டிக் கடல். தெற்கே தோரு ஆற்றையும் தாண்டிக் கொஞ்சம் போகும். ஒன்பது உள்வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கருங்கல் பூமி, கடல் காற்று, குளிர்காலம் முழுக்க விடாத மழை.

மழை அதிகமென்றால் திராட்சைக்குப் பூஞ்சைத் தொல்லை. அதனால் பழைய காலத்து விவசாயிகள் கொடியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கருங்கல் தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, நம் வீட்டுப் புடலைப் பந்தல் மாதிரி. காற்று கீழே புகுந்து ஓடும். அந்த நிழலில் மக்காச்சோளம், கோஸ் கீரை போட்டுக்கொள்வார்கள். துண்டு துண்டான நிலத்தில் ஓர் அங்குலம்கூட வீணாகாது. வயல் ஓரத்து மரங்களின்மேலேயே ஏற்றிவிட்ட கொடிகளும் உண்டு. அந்த முறைக்கு இவர்கள் வைத்த பெயருக்குத் ‘தூக்கில் தொங்கியது’ என்று அர்த்தம். செப்டம்பரில் நீள ஏணியைச் சாய்த்து, இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். புதுத் தோட்டங்களில் வரிசைக் கம்பிதான். இருந்தாலும் ரயிலில் பிராகா போகும் வழியில் கோழி மேய்கிற கொல்லைப்புறங்களில் கல்தூண் பந்தல்கள் இன்னும் கண்ணில் படுகின்றன.

ஏன் பல திராட்சைகளைக் கலக்கிறார்கள்? ஒரே வகையில் செய்தால் ஆகாதா?

ஆகும், செய்கிறார்கள். ஆனால் கலவைதான் இந்த ஊரின் பழைய புத்தி. எந்த வருடம் மழை எப்போது பெய்யும் என்று தெரியாத இடம். ஒரே வகையை நட்டால் ஒரே நாளில் போய்விடும். நாலைந்து வகை நட்டிருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்து ஒரே தொட்டியில் போட்டார்கள். அதில் ருசியும் கூடுவது தெரிந்தது. புளி, உப்பு, தாளிப்பு என்று ரசத்துக்கு ஆளுக்கொரு வேலை இருக்கிற மாதிரி இங்கேயும் உண்டு.

லோரெய்ரு மணத்துக்கு. அதன் பெயரே லாரல் மரத்திலிருந்து வந்தது. லாரல், நம் பிரிஞ்சி இலைக்குத் தூரத்துச் சொந்தம். பாட்டிலைத் திறந்ததும் பூவும் எலுமிச்சை இலையும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தால் இவர் உள்ளே இருக்கிறார் என்று பொருள். லீமா ஆற்றுப் பள்ளத்தாக்கு இதன் சொந்த ஊர். அந்த ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. கி.மு. 2-ம் நூற்றாண்டில் வந்த ரோமானியச் சிப்பாய்கள், இதைக் கடந்தால் எல்லாம் மறந்துபோகும், இதுதான் புராணத்து மறதி நதி என்று பயந்து கரையிலேயே நின்றுவிட்டார்களாம். தளபதி தனியாக அக்கரை போய், ஒவ்வொரு சிப்பாயையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினார்களாம். பொந்த் த லீமா ஊரில் ஆற்றின் இக்கரையில் படையும் அக்கரையில் தளபதியுமாகச் சிலைகள் நிற்கின்றன.

அரிந்தோ புளிப்புக்கு. இந்த வட்டாரத்தில் பெதெர்னா என்றும் சொல்வார்கள். வெயில் அடித்தாலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத பழம். கலவைக்கு முதுகெலும்பு இதுதான்.

திரஜதூரா சாதுவான பழம். புளிப்பு குறைவு, கொஞ்சம் சதைப்பிடிப்பு, பேரிக்காய் வாசம். மற்ற இரண்டும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். தனியாக விட்டால் சோம்பிவிடும்.

இந்த மூன்றும் சேர்ந்ததுதான் பொதுவான கலவை. இவை தவிர வடக்கு எல்லையில் அல்வரீஞு. தெற்கே உள்நாட்டுப் பக்கம், பயாவ் பகுதியில் அவெஸ்ஸு, கனமானது. அமரான்த் பக்கத்து மலையில் அஸால், பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல் கூசவைக்கும்.

நாக்கில் சுரீரென்று நுரைக்கிறதே, ஷாம்பெயின் மாதிரியா?

இல்லை. ஷாம்பெயினில் வாயு அழுத்தம் பல மடங்கு. இதில் 1 பார் அழுத்தம்கூட வராது. சோடா ஆறிப்போன மாதிரி ஒரு கிச்சுக்கிச்சு, அவ்வளவுதான்.

அது வந்த கதை சுவையானது. இங்கத்துத் திராட்சையில் மாலிக் அமிலம் அதிகம். பச்சை ஆப்பிளின் புளிப்பும் அதுதான். முன்பெல்லாம் ஒயினை அவசரமாகப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். உள்ளே மிச்சமிருந்த பாக்டீரியா அந்த அமிலத்தைத் தயிரில் இருக்கிற லாக்டிக் அமிலமாக மாற்றும். மாறும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். தக்கை அடைத்திருப்பதால் வெளியே போக வழியில்லை, ஒயினிலேயே தங்கிவிடும். கூடவே கலங்கலும் நாட்டு வாசனையும். ஜனங்களுக்கு அந்தச் சுரீர் பிடித்துப்போனது, கலங்கல் பிடிக்கவில்லை. அதனால் இப்போது அந்த மாற்றம் நடக்காமல் தடுத்துவிட்டு, பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் வாயுவைச் சேர்த்துவிடுகிறார்கள். விலை கூடிய ஒயின்களில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ‘நுரை இல்லையே, கெட்டுப்போனதோ’ என்று பயப்பட வேண்டாம்.

இனிப்பாக இருக்குமா? போதை எவ்வளவு?

சாதாரணக் கலவைகளில் ஆல்கஹால் பெரும்பாலும் 9 முதல் 11.5 சதவீதம். மற்ற ஊர் வெள்ளை ஒயின்கள் 12, 13-ஐத் தொடும். அதனால்தான் இங்கே மதியச் சாப்பாட்டிலேயே தாராளமாக ஊற்றுகிறார்கள். ஆனால் தண்ணீர் மாதிரி இறங்குகிறதே என்று சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இங்கே வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம்.

இனிப்பு பிராண்டைப் பொறுத்தது. உலகம் முழுக்க ஏற்றுமதியாகிற பிரபலமான மலிவுக் கலவைகள் பலவற்றில் இலேசாக ஓர் இனிப்பு விட்டிருப்பார்கள், புளிப்பை மறைக்க. தோட்டக்காரர்கள் பெயர் போட்டு விற்கிறவை பெரும்பாலும் இனிப்பில்லாதவை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் என் அத்தைக்கு முதலாவது. இருவரும் ஒரே மீனைத்தான் சாப்பிட்டோம், சண்டை எதுவும் வரவில்லை.

லேபிளில் எதைப் பார்ப்பது?

‘பிராங்க்கு’ என்றால் வெள்ளை. ‘செக்கு’ இனிப்பில்லாதது, ‘மெயு செக்கு’ பாதி இனிப்பு. ‘எஷ்கோல்யா’ என்றால் பொறுக்கி எடுத்தது, ஒரு படி மேல். பின்பக்கம் திராட்சைகளின் பெயர் இருக்கும். லோரெய்ரு, அரிந்தோ, திரஜதூரா மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் தைரியமாக வாங்கலாம். ஆணையத்தின் உத்தரவாத முத்திரைச் சீட்டு பாட்டிலில் ஒட்டியிருக்கும். வருடத்தைப் பாருங்கள், சாதாரணக் கலவை என்றால் போன அறுவடை, மிஞ்சினால் அதற்கு முந்தையது. மலிவு விலைப் பாட்டில்களில் வருடமே போடாதவையும் உண்டு. அப்போது தூசி படிந்த பாட்டிலை விட்டுவிட்டு, சரக்கு வேகமாகப் போகிற கடையில் வாங்குங்கள்.

விலை? இங்கே சூப்பர் மார்க்கெட்டில் 3 முதல் 6 யூரோவுக்குள் நல்லதே கிடைக்கிறது.

எவ்வளவு குளிரில் குடிப்பது?

8 டிகிரி அளவில். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் உப்பும் போட்ட வாளியில் இருபது நிமிடம். வெறும் ஐஸ் போதாது. தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். ஐஸ் கட்டியைக் கிளாஸுக்குள் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் போடமாட்டேன், ஏற்கெனவே மெல்லிய ஒயின், இன்னும் தண்ணீராகிவிடும். சாதாரண ஒயின் கிளாஸ் போதும்.

இவ்வளவு மெலிசாக, புளிப்பாக இருக்கிறதே. இதையா புகழ்கிறீர்கள்?

சாப்பாடு வருவதற்கு முன்னால் குடித்தீர்கள், இல்லையா? அங்கேதான் இந்த ஒயினுக்கு அநியாயம் நடக்கிறது. வெறும் ரசத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சமையலுக்கு மார்க் போடுகிற மாதிரி. இந்தக் கலவை தட்டுக்கு அருகில் இருப்பதற்காகவே உருவானது. வறுத்த மீன் மேல் எலுமிச்சை பிழிவது எதற்கு? எண்ணெயை வெட்ட, உப்பைத் தணிக்க, அடுத்த வாய்க்கு நாக்கைத் துடைத்துவைக்க. அந்த வேலையைத்தான் இது கிளாஸிலிருந்து செய்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் நீட்சி.

எதோடு சாப்பிட்டால் மிகப் பொருத்தம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

சுட்ட மத்தி.

மத்துசீஞுஷில் நடைபாதையிலேயே கரி அடுப்பு வைத்திருப்பார்கள். மீனை வெட்டுவதில்லை, குடல் எடுப்பதில்லை, மசாலா தடவுவதில்லை. கல்லுப்பை வாரி இறைத்து, கொஞ்ச நேரம் விட்டு, முழுசாகக் கம்பிமேல் அடுக்குவார்கள். கொழுப்பு கரியில் சொட்டி ‘ஸ்ஸ்’ என்று புகை எழும்பும். அந்த ஆள் ஒரு கையில் அட்டை விசிறி, இன்னொரு கையில் இடுக்கி, வாயில் சிகரெட். தோல் கொப்பளித்துக் கருகத் தொடங்கும்போது திருப்பிப் போடுவார்.

சாப்பிடுகிற முறை தனி. ஒரு தடித்த ரொட்டித் துண்டை இடது கையில் தட்டு மாதிரி வைத்து, மீனை அதன்மேல் கிடத்தி, தோலை உரித்து, முதுகுச் சதையை விரலால் பிரித்துத் தின்பது. ஒன்று முடிந்ததும் அடுத்தது அதே ரொட்டியில். ஐந்தாறு மீனுக்குப் பிறகு எண்ணெயும் உப்பும் புகையும் ஊறி அந்த ரொட்டி மீனைவிட ருசியாகிவிடும். அதைக் கடைசியில் சாப்பிட வேண்டும். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு, சுட்டுத் தோல் உரித்த குடைமிளகாய். எலுமிச்சை பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், கேட்டால் தருவார்கள். தேவைப்படாது. நல்ல புளிப்புள்ள லோரெய்ரு-அரிந்தோ கலவையை ஒரு வாய் குடித்தால் மீனின் எண்ணெய் எங்கே போனது என்றே தெரியாது.

நம் ஊர் மத்திக்கு இது சொந்தம்தான், ஆனால் வேறு இனம். ஜூன் முதல் செப்டம்பர்வரை கொழுப்பேறி இருக்கும். ஜூன் 23 இரவு போர்ட்டோவில் சாவ் ஜுவாவ் திருவிழா. ஊரே தெருவில் மத்தி சுடும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ஒருவர் தலையில் ஒருவர் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டிக்கொள்வார்கள். முதல் வருடம் ஒரு பாட்டி என் மண்டையில் தட்டிவிட்டுச் சிரித்தபோது நான் பாட்டிலைக் கீழே போட்டிருப்பேன்.

உப்புக் கருவாடு மாதிரி ஒன்று சாப்பிடுகிறார்களே?

பக்கல்யாவ். உப்பிட்டு உலர்த்திய காட் மீன். வேடிக்கை என்னவென்றால் அந்த மீன் இவர்கள் கடலிலேயே கிடையாது. நார்வே, ஐஸ்லாந்துப் பக்கத்து வடக்குக் கடல்களில் பிடித்தது. பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். ஒன்றிரண்டு நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். என் வீட்டுக்கார அம்மாவின் ஃபிரிட்ஜில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரண்டு நாள் பாலுக்குக்கூட இடமிருக்காது, ஒரே பக்கல்யாவ் பாத்திரம்தான்.

இதில் எத்தனையோ சமையல். ஒயினும் அதற்கேற்ப மாற வேண்டும். ‘ப்ராஷ்’ வகையில் மீனை நார் நாராகப் பிய்த்து, தீக்குச்சி கனத்துக்கு அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை எல்லாம் சேர்த்துப் புரட்டி, மேலே பார்ஸ்லியும் கறுப்பு ஆலிவும் தூவுவார்கள். முட்டைப் பொடிமாஸ் கொஞ்சம் ஈரமாக இருந்தால் எப்படியோ அப்படி. உப்பும் எண்ணெயும் முட்டையும் சேருகிற இடம். மூன்று திராட்சைக் கலவை சரியாக உட்காரும். மீனும் கிழங்கும் பிசைந்து பொரித்த உருண்டைக்கு அதைவிட மலிவான, நுரை கூடிய பாட்டிலே போதும், நின்றுகொண்டே சாப்பிடலாம். ஆனால் பாலாடை ஊற்றி அடுப்பில் வைத்த வகை கனமானது. அதற்கு மெலிந்த கலவை காணாமல் போய்விடும். அவெஸ்ஸுவோ அல்வரீஞுவோ கலந்ததை எடுங்கள்.

மட்டி, நண்டு, இறால், கணவாய்?

எல்லாமே சேரும். நண்டும் இறாலும் போட்டுக் குழைவாகச் சமைக்கிற கடல்சோறு, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றிச் சுட்ட பேய்க்கணவாய், எதுவும் விலக்கில்லை. ஆனால் மட்டிக்குத் தனியிடம் கொடுக்க வேண்டும்.

புல்யாவ் பாத்து மட்டி என்று 19-ம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் பெயரில் வழங்குகிற சமையல் இது. ஒரு கிலோ மட்டியை உப்புத் தண்ணீரில் ஓரிரு மணி நேரம் விட்டால் மணலைக் கக்கிவிடும். அகன்ற சட்டியில் தாராளமாக ஆலிவ் எண்ணெய், நசுக்கிய பூண்டு ஐந்தாறு பல். பூண்டு சிவக்கக் கூடாது, மணம் வந்தால் போதும். மட்டியைக் கொட்டி, அரை கிளாஸ் ஒயின் ஊற்றி, கொத்தமல்லித் தண்டு போட்டு மூடி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் சட்டிக்குள் கலகலவென்று சத்தம் கேட்கும், ஓடு திறக்கிற சத்தம். திறக்காததைத் தூக்கி எறியுங்கள். மேலே ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, எலுமிச்சை. உண்மையான செய்முறையில் ஒயினே கிடையாது என்று லிஸ்பன்காரர் ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் வாதாடினார். இருக்கலாம். நான் ஊற்றுகிறேன்.

கொத்தமல்லியின் பச்சை வாசனையும் லோரெய்ருவின் இலை வாசனையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் இந்தத் தழையை நம்மைப் போல அள்ளிப் போடுகிறவர்கள் அபூர்வம், இவர்கள் போடுவார்கள். கடைசியில் சட்டியின் அடியில் நிற்கிற சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடாவிட்டால் பரிமாறுகிறவர் முகம் சுளிப்பார்.

இறைச்சிக்கு ஆகாதா?

பன்றி, கோழிக்கு ஆகும். மீஞு பகுதியில் பன்றித் துண்டுகளை இதே ஒயின், பூண்டு, லாரல் இலையில் ஊறவைத்துக் கொழுப்பிலேயே வறுக்கிற ஒரு சமையல் உண்டு. அந்த ‘ஒயினும் பூண்டும்’ ஊறவைக்கிற முறைதான் கோவாவுக்குப் போய் விந்தாலூ ஆனது. கொழுப்பு மினுங்குகிற அந்த வறுவலுக்கு இந்தப் புளிப்பு மாற்று மருந்து மாதிரி. மாட்டிறைச்சி, ஆட்டுக் குழம்புக்கு வேண்டாம். அங்கே இது தோற்றுப்போகும்.

சைவக்காரர்களுக்கு?

பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பஜ்ஜி ஒன்று இங்கே உண்டு. ‘தோட்டத்துக் குட்டி மீன்கள்’ என்று பெயர். மீன் துளியும் கிடையாது. ஜப்பானின் தெம்புராவுக்கு மூதாதை இதுதான் என்பார்கள். சுடச்சுட அதோடு இந்த ஒயின் அருமை. உப்பில் ஊறிய லூபின் பயறு, ஆலிவ், மக்காச்சோள ரொட்டி, உப்புத் தூவிய புதுப் பாலாடைக்கட்டி எல்லாம் சேரும். கோஸ் கீரையை நூலாக அரிந்து உருளைக்கிழங்கில் வேகவைத்த பச்சை சூப்பில் ஒரு துண்டு புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒயினே சைவமா என்றும் கேட்பார்கள். தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், மீன் பசை பயன்படுத்துவது உண்டு, களிமண் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. லேபிளில் ‘வீகன்’ குறி இருந்தால் கவலையில்லை.

காரத்துக்குத் தாங்குமா?

ஓரளவு. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் ஊதிவிடும், இதில் அது குறைவு என்பது லாபம். இலேசான இனிப்பு இருந்தால் இன்னும் நல்லது. அத்தையின் பாட்டில் இங்கே ஜெயித்துவிடும். ஆனால் நுரை அதிகமிருந்தால் காரம் இன்னும் சுரீரென்று ஏறும். இங்கத்துப் பிரி-பிரி கோழிக்கு நுரை குறைந்த, பாதி இனிப்புக் கலவையை நான் எடுப்பேன். வீட்டில் மிளகாய்த்தூள் தடவி வறுக்கிற மீனுக்கும் அதே கணக்குதான். புளி ஊற்றிய மீன் குழம்புக்கு வேண்டாம்: புளிப்புக்கு மேல் புளிப்பு, இரண்டும் கெட்டுவிடும்.

வேறு எதோடு சேராது?

இனிப்புப் பலகாரங்கள். முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய பஷ்டெல் த நாத்தாவைக் கடித்துவிட்டு இதைக் குடித்தால் எலுமிச்சைச் சாறு மாதிரி ஆகிவிடும். அதற்குப் போர்ட் ஒயினோ காபியோ. செர்ரா த எஷ்த்ரேலா மலைப்பகுதியின் வழிந்தோடும் செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இதை அமுக்கிவிடும்.

அல்வரீஞு மட்டும் உள்ளதுதான் உசத்தி என்கிறார்களே?

விலையில் உசத்தி. மொன்சாவ், மெல்காசு என்ற இரண்டு ஊர்ப் பகுதி அதன் கோட்டை. சுற்றிலும் மலை மறைப்பதால் கடல் மழை குறைந்து வெயில் கூடும். பழம் நன்றாகப் பழுக்கும், ஆல்கஹால் 12, 13-க்கு ஏறும், சில வருடங்கள் வைத்தும் குடிக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினில் அல்பரீன்யோ என்று விற்கிறதும் இதே பழம். நண்டுக்கும் பாலாடை பக்கல்யாவுக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் கரிப்புகை மத்திக்கு மூன்று யூரோக் கலவை செய்கிற வேலையைப் பதினைந்து யூரோ அல்வரீஞு செய்வதில்லை. அதன் கனம் மீனோடு போட்டி போடுகிறது.

சிவப்பு வீஞு வேர்த்?

ஒரு தடவை குடித்துப் பாருங்கள். வீஞாவ் என்ற திராட்சை, சதையே சிவப்பு. மை மாதிரி நிறம், சுருக்கென்ற புளிப்பு. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தருவார்கள், அதன் உள்பக்கத்தில் ஊதாக் கறை படியும். வெளியூர்க்காரர்கள் பத்தில் ஒருவருக்குத்தான் பிடிக்கும். எனக்கு மூன்றாவது வருடம் பிடித்தது.

பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி கிடக்கிறதே?

திராட்சையின் டார்டாரிக் அமிலம் குளிரில் படிகமாகி இறங்கியது. கெடுதல் இல்லை. கடைசி மடக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

போர்ச்சுகலில் இது மட்டும்தான் வெள்ளைக் கலவையா?

இல்லவே இல்லை. நாட்டில் 250-க்கு மேல் சொந்தத் திராட்சை வகைகள். கலப்பது இவர்கள் ரத்தத்தில் ஊறியது. தோருவில் ரபிகாத்து, வியொசீஞு, கொவெய்யு கலந்து கனமாகச் செய்வார்கள். தெற்கே வெயில் காய்கிற அலெந்தேஜுவில் அந்தாவ் வாஷ் பழத்தோடு அரிந்தோவைச் சேர்ப்பார்கள், புளிப்புக்குத்தான். அவை நின்று நிதானமாகக் குடிக்கிற ஒயின்கள். மீன் கடைத் தெருவில் எனக்கு அவசரம்.

பாட்டில் மீந்துபோனால்?

மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நுரை மறுநாளே போய்விடும், ருசி இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாளும் மிச்சமிருந்தால் ஒரு கிலோ மட்டி வாங்கி வாருங்கள்.